படம் இல்லாமல் பாட்டு

திம்புள்ள

அன்புள்ள தம்பிக்கு,

படத்தைப் பார்க்காமல் அதன் இசையை மட்டும் கேட்பது அரைகுறைதானே என்று எழுதியிருக்கிறாய். இதை வேறு யார் சொன்னாலும் பொறுப்பேன், மலையகத்துப் பிள்ளை சொல்லலாமா? 1952 இல் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. 1957 இல் விவித் பாரதி வந்த பிறகும்கூடப் பலர் தேடியது இலங்கை வானொலியைத்தான். லயத்துக் காம்பராக்களில் அதைக் கேட்டவர்கள் அத்தனை படத்தையும் அட்டனுக்குப் போய்ப் பார்த்தார்களா என்ன? எஸ்.பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரைச் சொன்னதோடு சரி. மீதி காதின் பாடு. அந்தக் கேட்பை அரைகுறை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பாட்டு படத்துக்காகத்தானே செய்யப்பட்டது என்பாய். இசைத்தட்டுக்காகவும்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நீண்டால் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். நம் சினிமாப் பாட்டுக்கு உருவம் கொடுத்தது டைரக்டர் அல்ல, இந்தத் தட்டுத்தான் என்பது என் கட்சி. ஒப்பாதவர்கள் அரக்குத் தட்டைத் தொட்டே பார்த்திராதவர்கள். 1976 இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் பாட்டுகளில் முதல் இடையிசையும் இரண்டாவதும் பெரும்பாலும் வேறுவேறு. அடியில் பேஸ் கிட்டார் தனிக்கதை சொல்லிக்கொண்டு போகும். திரையில் கதாநாயகனின் காலைப் பார்ப்பவனுக்கு அது எங்கே கேட்கப்போகிறது? நீங்களோ போனில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டுக் கேட்டேன் என்கிறீர்கள்.

பின்னணி இசையின் சங்கதி வேறு. காட்சியின் விநாடிகளுக்கு அளந்து செய்ததைத் தனியே எடுத்தால் சில இடங்களில் துண்டு துண்டாகத்தான் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் 1938 இல் 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' படத்துக்கு இசையமைத்த புரோகோஃபீவ், மறு ஆண்டே அதைக் கச்சேரி மேடைக்கான பாடலிசையாக மாற்றினார். செய்தவரே பிரித்தெடுத்ததை நாம் பிரிக்கக் கூடாதா? 'சைக்கோ'வுக்கு (1960) பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்தார். திரையரங்கில் கத்திக்குப் பயந்தவர்களில் இதைக் கவனித்தவர் சிலரே.

'ராஜபார்வை' (1981) கண் தெரியாத வயலின் கலைஞனின் கதை. படத்தைத் தேடாதே, அதில் வரும் வயலின் இசையை மட்டும் கேள். தனி வயலினுக்கு மற்ற வாத்தியங்கள் எங்கே வழிவிடுகின்றன, எங்கே மறிக்கின்றன என்று எழுது. கேட்கும்போது போனைக் குப்புறக் கவிழ்த்து வை.

அன்புடன்,
உன் ஆசிரியர்