கருவிலுள்ள மகவும் அன்னையின் மருத்துவச் செலவும்

சென்ற பருவத்தில் நம் கல்லூரிச் சொற்போர்க் கழகத்தார், அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் கருக்கலைப்பைப்பற்றி அளித்த தீர்ப்பினை வாதப்பொருளாக வைத்தனர். அத்தீர்ப்பு தகுமெனப் பேசும் கட்சி நம்முடையது. அதனை நாமே விரும்பிக் கேட்டுப் பெற்றோம். சமயம், கருக்கலைப்பு, மருத்துவ உதவி ஆகிய மூன்றிலும் அந்நாட்டில் கன்சர்வேடிவ் எனப்படும் பழமை பேணுவோர் கொண்ட கருத்துக்களே நமக்கும் உடன்பாடாயிருந்தன. கருவும் மனித உயிரேயாதலின் சட்டம் அதனைக் காத்தல் வேண்டும். சமயத்தாரின் மனச்சான்றை அரசு நெருக்கலாகாது. நோயாளரைப் பேணுதல் குடும்பத்தாரும் திருச்சபையும் அறநிலையங்களும் செய்தற்குரியதேயன்றி அரசினர் வரிப்பணங்கொண்டு நடத்தற்குரியதன்று. இம்மூன்றையும் ஒரே கயிற்றின் முப்புரியெனக் கருதிப் பேசினோம்.

எதிர்க்கட்சியில் எழுந்த நண்பர் நெடிய வாதம் ஒன்றும் செய்திலர். "ஏழைப் பெண்ணொருத்தி உங்கள் சட்டத்துக்கு அடங்கி மகவைப் பெறுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். பேறுகாலச் செலவைக் கொடுப்பவர் யார்?" என்று வினவிவிட்டு அமர்ந்தார். அறச்சாலைகள் உள்ளன என்று விடையிறுத்தோம். அவையோர் கைகொட்டினர், வாக்கெடுப்பிலும் வென்றோம். ஆயினும் அவ்விடை நமக்கே போதவில்லை. அதன் பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தவற்றையே இக்கட்டுரையில் எழுதப் புகுந்தோம்.

வழக்கின் வரலாறு சுருக்கமானது. 1973-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள், ரோ வழக்கில் அந்நீதிமன்றத்தார் எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்று, கருவைக் கலைத்துக்கொள்ளுதல் பெண்ணுக்கு அரசியலமைப்பு அளித்த உரிமையாகும் எனத் தீர்த்தனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அது நின்றது. பதினைந்து வாரத்துக்கு மேற்பட்ட கருவைக் கலைத்தலைத் தடுத்த மிஸிஸிப்பி மாகாணச் சட்டத்தின்மேல் எழுந்த டாப்ஸ் வழக்கில் அது வீழ்ந்தது. இவ்விடத்தில் ஒன்று கருதத்தக்கது. கருக்கலைப்பைத் தடுத்தே தீரவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்புக் கட்டளையிடவில்லை; முடிவு செய்யும் பொறுப்பை மக்களுக்கும் அவர்தம் சட்டசபைகளுக்கும் திருப்பிக் கொடுத்தது. பொறுப்பு என்னும் சொல்லை அன்று மேடையில் பன்முறை எடுத்தாண்டோம். அதன் எடையை அன்று நாம் அறியவில்லை.

சமயத்தைப்பற்றி நாம் கொண்டிருந்த எண்ணமும் ஓரளவு பிழையாயிற்று. அந்நாட்டுச் சமயப் பற்றாளர் எல்லாரும் எக்காலத்தும் இதில் ஒரே கருத்தினர் என்றே நம்பியிருந்தோம். கத்தோலிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் சீர்திருத்த சபைகளுள் மிகப் பெரியதாகிய தென்பகுதி பாப்டிஸ்டு சங்கத்தார், 1971-ஆம் ஆண்டு செயிண்ட் லூயி நகரிற் கூடியபோது, வன்புணர்ச்சி, கருவின் பெருங்குறைபாடு, தாயின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ நேரும் கேடு முதலிய நிலைகளிற் கருக்கலைப்புக்கு இடந்தரும் சட்டம் வேண்டுமெனத் தீர்மானித்தனர். ஒன்பது ஆண்டு கழித்து, 1980-இல், அதே நகரிற் கூடித் தாயின் உயிரைக் காத்தற்கன்றி வேறெதற்கும் அஃது ஆகாதெனத் தீர்மானித்தனர். 2003-இல் தம் பழைய நிலைக்காக வருந்தியும் உரைத்தனர். திருந்துதல் இழிவன்று. எனினும், தாத்தா காலத்துக் கொள்கையென்று நாம் போற்றியது பலர்க்குத் தந்தை காலத்ததாயிருத்தல் கண்டு சிறிது நாணினோம்.

நிற்க, மனச்சான்றின் உரிமையைப்பற்றி நம் கருத்து மாறவில்லை. படிக்கப் படிக்க உறுதியே பெற்றது. 1946-இல் ஹில்-பர்ட்டன் சட்டம் இயற்றப்பட்டு, மருத்துவமனைகள் கட்டுதற்கு அரசுப் பணம் வழங்கப்பட்டது. சமயத்தார் நடத்திய மருத்துவமனைகளும் அதனைப் பெற்றன. 1972-இல் மான்டானா மாகாணத்துப் பில்லிங்ஸ் நகரிலிருந்த கத்தோலிக்க மருத்துவமனையொன்று, பெண்ணொருத்திக்குக் கருத்தடை அறுவை செய்ய இடந்தர மறுத்தது. அம்மருத்துவமனை அரசுப் பணம் பெற்றிருத்தலைக் காரணங்காட்டி, அறுவைக்கு இடந்தர வேண்டுமென நீதிபதி ஆணையிட்டார். பணம் சென்ற வழியே ஆணையும் சென்றது. இதனைக் கண்டஞ்சிய காங்கிரஸ், ஐடாஹோ மாகாணத்துச் செனட்டர் பிராங்க் சர்ச் என்பார் கொணர்ந்த திருத்தத்தை 1973-இல் நிறைவேற்றிற்று. அரசுப் பணம் பெற்ற ஒரே காரணத்தால் எவரையும் தம் சமயக் கொள்கைக்கு மாறாகக் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்யும்படி கட்டாயப்படுத்தலாகாது என்பது அதன் கருத்து. (செனட்டரின் பெயரே 'திருச்சபை' எனப் பொருள்படுதல் தற்செயலேயாம்.) மூன்றாண்டு கழித்து, ஏழையர்க்கு மருத்துவச் செலவளிக்கும் மெடிக்கெயிட் திட்டத்தின் பணத்தை, சில விலக்குகள் நீங்கலாக, கருக்கலைப்புக்குச் செலவிடலாகாதென ஹைட் திருத்தம் விதித்தது. தன் வரிப்பணம் தன் மனச்சான்றுக்கு மாறாய்ச் செல்லுதல் கூடாதென ஒருவன் வேண்டுதல் முறையே என்பது அன்றும் இன்றும் நம் துணிபு.

இனி மூன்றாம் புரிக்கு வருவோம். மிஷன் மருத்துவமனைகளின் நிழலில் வளர்ந்த நம்மனோர்க்கு, அறநிலையமே போதும் என்னும் கொள்கை எளிதில் உவப்பாகும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவ நிலையம் எவ்வளவு பெரிதாய் வளர்ந்ததென்பதை யார் அறியார்? அன்று மேடையிலும் அதனையே எடுத்துக்காட்டினோம். ஆனால் அமெரிக்காவிற் பிள்ளைப்பேற்றின் செலவை உண்மையிற் கொடுப்பவர் யாரெனத் தேடியபோது, அந்நாட்டில் நிகழும் பத்துப் பேறுகளில் ஏறத்தாழ நான்குக்குப் பணங் கொடுப்பது மெடிக்கெயிட் திட்டமே எனக் கண்டோம். மிஸிஸிப்பியில் அது பாதிக்கும் மேல். கத்தோலிக்க மருத்துவமனைகளுந்தாம் மெடிக்கேர், மெடிக்கெயிட் பணமின்றி இன்றைய அளவில் நடத்தல் அரிது. பேறுகால வலியோடு வரும் பெண்ணைப் பணமில்லை என்று வாயிலிலேயே திருப்பியனுப்பலாகாதென 1986-இல் விதித்த சட்டத்திற் கையெழுத்திட்டவரோ, பழமை பேணுவோர் போற்றும் ரொனால்டு ரீகனேயாவர். ஆகவே நண்பரின் வினாவுக்கு நேரிய விடை "அறச்சாலை" என்பதன்று. "பெரும்பகுதி அரசு" என்பதே. அதனை எதிர்த்துப் பேசிக்கொண்டே அதனை நம்பியிருந்தோம்.

மிஸிஸிப்பியின் செய்தி நம்மை நெடுநேரம் உறங்கவொட்டாமற் செய்தது. அங்கே 2023-ஆம் ஆண்டுக்கு முன்னர், மெடிக்கெயிட் திட்டத்திற் பேற்றுக்கு உதவி பெற்ற தாய்க்கு, மகவு பிறந்து அறுபது நாளில் அவ்வுதவி பொதுவாக நின்றுவிடுவதாயிருந்தது. குருதியழுத்தம், இதயத் தளர்ச்சி, மனச்சோர்வு முதலியன அறுபது நாளெண்ணி வருவனவல்ல; பேற்றையொட்டிய சாவுகளிற் பல அதற்குப் பின்னரே நேர்கின்றன. அவ்வுதவியைப் பன்னிரண்டு திங்களாக நீட்டும் மசோதாவை அம்மாகாணச் செனட் 2022-இல் நிறைவேற்றியும், கீழவை இசையவில்லை. அதே ஆண்டு ஜூலை முதல், டாப்ஸ் தீர்ப்பின் பயனாக, அம்மாகாணத்திற் கருக்கலைப்பு ஏறத்தாழ முற்றிலும் தடுக்கப்பட்டது. ஒரே ஆண்டில் ஒரே மாகாணம் மகவைப் பெறுக என்றது. பெற்ற பின் அறுபது நாளுக்குமேற் கேளாதே என்றது. இதனை நம் கட்சியார் எவரும் எம்மேடையிலும் நியாயமெனக் காட்டவல்லரல்லர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கவர்னர் டேட் ரீவ்ஸ், தாமும் பழமை பேணும் கட்சியினரே, பன்னிரண்டு திங்கள் நீட்டிப்பிற் கையெழுத்திட்டார்.

மூன்றையும் முரணின்றிப் பிடிக்க முயன்றோர் அந்நாட்டில் இல்லாமலில்லை. கத்தோலிக்க ஆயர்கள் 1919-லேயே உழைப்பாளிகளின் நோய்க்கும் முதுமைக்கும் பொதுக் காப்புநிதி வேண்டுமென்றனர். 1993-இல், கருவின் உயிரைக் காத்தலையும் எல்லார்க்கும் மருத்துவ உதவி கிடைத்தலையும் ஒருங்கே வேண்டித் தீர்மானித்தனர். 2010-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்புச் சட்டம் வந்தபோது அவர்கள் பட்ட இடர் பெரிது. பல நாள் வேண்டியது ஏழையர்க்குக் கிடைக்கும் வேளையில், அதன்வழியே கருக்கலைப்புக்கும் பொதுப்பணம் கசியுமென அஞ்சி, அச்சட்டத்தை எதிர்த்தனர். கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தின் தலைவியாகிய அருட்சகோதரி கேரல் கீஹன் அதனை ஆதரித்தார். மிச்சிகன் மாகாணத்துப் பார்ட் ஸ்டுப்பாக், ஹைட் விதி இதற்கும் பொருந்துமெனக் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பிப்பதாக வாக்களித்த பின்னரே இசைந்தார். ஆயர்கள் அவ்வாணை போதாதென்றனர். இருசாராரும் கருவின் உயிரை மறுத்தவரல்லர். நம்மைக் கேட்பின், ஆயர்களின் அச்சம் காரணமுடையது என்போம்; ஆயினும் அன்று நாம் அங்கிருந்து வாக்களிக்க நேர்ந்திருப்பின், அச்சகோதரியின் பக்கமே நின்றிருப்போம்.

இவற்றையெல்லாம் அந்நண்பரிடம் விடுதித் தாழ்வாரத்தில் ஒருநாள் மாலை விரித்துரைத்தோம். முதலிரண்டு கருத்துக்களிலும் நாம் சிறிதும் நெகிழவில்லை என்றும், மூன்றாவதனை முன்போல் மொழிய நா எழவில்லை என்றும், மகவைப் பெறுகவெனச் சட்டம் இயற்றுவோர் தாயின் செலவையும் அச்சட்டத்திலேயே எழுதுதல் வேண்டுமென்றும் கூறினோம். அவர் பொறுமையாய்க் கேட்டார். வென்றோம் என்ற குறிப்பு அவர் முகத்தில் இல்லை. "பன்னிரண்டு திங்கள் சரி; பதின்மூன்றாந் திங்களில்?" என்றார். வருவாய் குறைந்தோர் எல்லார்க்கும் மெடிக்கெயிட் உதவியை விரிக்கும் மசோதா, மிஸிஸிப்பியின் ஈரவைகளும் தத்தம் வழியில் இசைந்தும், 2024-இல் தம்முள் உடன்பாடு காணாமையால் முடிவின்றி ஒழிந்ததனை எடுத்துச் சொன்னோம். மணியடித்தது; உணவுக்கூடத்துக்குச் சென்றோம்.