முன்பின் முறை: கணினிக் கருநிரலில் தடையும் பூட்டும்

நிரல் எழுதப் பழகும் மாணவன், தான் மேலிருந்து கீழாக எழுதிய கட்டளைகள் அவ்வரிசையிலேயே நிறைவேறும் என நம்புகின்றான். செயலி ஒன்றேயாயின் அந்நம்பிக்கையாற் பெருங் கேடில்லை. பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பொதுவிற் கொண்டு இயங்குமிடத்து அஃது அவனை ஏமாற்றிவிடும். லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமைகளின் கருநிரலை எழுதுவோர் இதனை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர்.

நினைவகத்தினும் செயலி மிக விரைவுடையது. ஆதலின் எழுதும் பெறுமானத்தை ஓர் இடைத்தாங்கியில் வைத்துவிட்டு, அது நினைவகம் சேருமுன்னரே அடுத்த கட்டளைக்குச் செல்லும். ஒல்லாந்துக் கணித அறிஞர் டெக்கர் கண்டதாக டைக்ஸ்ட்ரா எடுத்துக்கூறிய முறையை நோக்குவோம். இரு செயலிகளுள் ஒவ்வொன்றும் முதலில் தன் கொடியை உயர்த்தும். பின்னர் மற்றதன் கொடியைப் பார்க்கும். அது தாழ்ந்திருப்பின் உள்ளே புகும். (இரண்டும் உயர்ந்திருப்பின் யார் விலகுவதென்பதற்கு வேறு விதி உண்டு.) தாளில் இது குற்றமற்றது. இன்ரெல் வகைச் செயலிகளிலோ, உயர்த்திய கொடி இடைத்தாங்கியிலே தங்கியிருக்க, பார்வை முந்திவிடலாம். அப்பொழுது இரண்டும் மற்றதன் கொடியைத் தாழ்ந்ததாகவே காணும், இரண்டும் புகும். இதனை விலக்கவே உயர்த்துதற்கும் பார்த்தற்கும் இடையே நினைவகத் தடை என்னும் கட்டளையை இடுகின்றோம். முன்னைய எழுத்துப் பிறர்க்குப் புலனாகும் வரை பின்னைய வாசிப்பை அது நிறுத்திவைக்கும்.

தடையை ஒருபுறம் மட்டும் இடுதல் வீண். தரவை எழுதிப் பின் 'ஆயத்தம்' என்னும் குறியை எழுதுவோன் இடையே தடையிட்டாலும், படிப்போன் தரவை முந்திப் படித்துவிட்டுக் குறியைப் பிந்திப் பார்ப்பானாயின் பழைய தரவே அவன் கையிற் கிடைக்கும். 1992இல் வெளிவந்த அல்பா செயலி இன்னும் பொல்லாதது: சுட்டியைப் படித்து, அச்சுட்டி காட்டும் இடத்தைப் படிக்கும்போதுங்கூடப் பழையதைத் தரவல்லதாயிருந்தது. இத்தகைய பிழை பல கோடி முறைக்கு ஒருமுறையே தலைகாட்டக்கூடும். "ஓட்டிப் பார்த்தோம், தவறவில்லை" என்பது ஈண்டுச் சான்றாகாது.

பூட்டுகள் தமக்கு வேண்டிய தடைகளைத் தம்முள்ளே கொண்டவை. ஆதலாற் பெரும்பாலோர்க்குப் பூட்டே தக்க கருவி என்பது எமது கருத்து. எனினும் அங்கும் முறை பிறழலாகாது. ஒருவன் முதற்பூட்டைக் கைக்கொண்டு இரண்டாவதற்கும், மற்றவன் இரண்டாவதைக் கைக்கொண்டு முதலாவதற்கும் காத்திருப்பின் இருவரும் என்றும் நகரார். பூட்டுகளுக்கு வரிசை வகுத்து, யாவரும் அவ்வரிசையிலேயே எடுப்பாராயின் இச்சுழற்சி உண்டாகாது. லினக்ஸில் ஒரு கோப்பை ஓர் அடைவிலிருந்து வேறோர் அடைவுக்கு மாற்றும்போது, அவற்றுள் ஒன்று மற்றதன் அகத்தேயிருப்பின் புறத்தேயுள்ளதே முதலிற் பூட்டப்படும். அடைவுகளின் கிளையமைப்பே அவ்வேளை மாறலாமாதலின், அதற்கும் முன்னர் அக்கோப்பு முறைமை முழுவதற்குமான தனிப்பூட்டொன்று எடுக்கப்படும்.

இவ்வரிசையைக் காக்க, 2006இல் இங்கோ மொல்நார் 'லொக்டெப்' என்னும் சோதனைக் கருவியை லினக்ஸிற் சேர்த்தார். எப்பூட்டின்பின் எப்பூட்டு எடுக்கப்பட்டது என்பதை அது குறித்துக்கொள்ளும். நேர்வரிசை இன்றும் எதிர்வரிசை நாளையும் நிகழ்ந்தாற் போதும். முறைமை உண்மையில் முடங்காதிருக்கவே எச்சரிக்கை எழும். ஆயினும் ஓடிய வழிகளை மட்டுமே அஃது அறியும். வன்பொருள் பழுதுற்றபோது மட்டும் ஓடும் அரிய வழிகளை, எழுதினோரே வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தல் வேண்டும்.