முழங்கால் வலிக்கு மஞ்சள்

மஞ்சள் அறுவடை காலத்தில் கிராமங்களுக்குச் செல்லுங்கால், வயது சென்ற குடியானவர்கள் பயிரைப்பற்றிப் பேசி முடித்தபின் தங்கள் முழங்காலைக் காட்டி, "இதற்கு மஞ்சள் எவ்வளவு சாப்பிடலாம்?" என்று வினவுவதுண்டு. வைத்தியம் சொல்வது எமது வேலையன்று. ஆயினும் விளைவிப்பவரே உண்பவராகவும் இருப்பதால் சில விஷயங்களை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் பொருள். மூட்டில் உண்டாகும் வீக்கம், சூடு, வலி ஆகியவற்றைத் தணிக்கும் சக்தியும் பெரும்பாலும் இதனிடத்திலேயே உள்ளது. தாய்லாந்து வைத்தியர்கள் 2014-ம் வருஷத்தில் வெளியிட்ட பரிசோதனையில், மூட்டுத் தேய்வுள்ள 367 பேரில் ஒரு பிரிவினருக்கு ஐபுப்ரொபேன் மாத்திரையும், மற்றவர்களுக்குத் தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாரமும் நான்கு வாரம் கொடுக்கப்பட்டன. வலி தணிப்பதில் சாரம் மாத்திரைக்குப் பின்னிடவில்லை.

சாரம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 3 கிராம். அதில் 3 சதவீதம் குர்க்குமின் இருப்பின் 90 மில்லிகிராமே ஆகும். அதிலும் இரத்தத்தில் சேர்வது சொற்பம். மிளகிலுள்ள பைப்பரின் கூடினால் அது பன்மடங்கு அதிகரிக்கிறதென்று 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர் கண்டனர். மஞ்சட்பாலில் மிளகு தட்டிப் போடும் நம் வீட்டு வழக்கம் வீணன்று. எனினும் அதனை ஆகாரமாகவே கருதுக. கைவிரற் கணுக்கள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு நீங்காதிருப்பின் அது முடக்குவாதமாக இருக்கலாம். கீல்கள் அரிக்கப்படுமுன் டாக்டரிடம் செல்லவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், பித்தப்பையில் கல் உள்ளோரும் அவரைக் கேளாமல் மஞ்சள் மாத்திரை உண்ணலாகாது. அம்மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் கெட்டதும் உண்டு.

இனி நமது தொழிலுக்கு வருவோம். கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பிரபா, பிரதிபா இரகங்களில் குர்க்குமின் 6 சதவீதத்துக்கு மேற்படும். தோண்டிய இரண்டு மூன்று தினங்களுக்குள், மண் போகக் கழுவி, விரலியை வேறாகவும் குண்டை வேறாகவும் வேகவைக்க வேண்டும். நுரை கட்டி, மணத்தோடு வெண்புகை எழும்பி, மழுங்கிய குச்சி எளிதில் உள்ளே இறங்குவதே பதம். அதற்குமேல் வெந்தால் நிறம் கெடும். வேகாவிடில் காய்ந்தபின் நொறுங்கும். சாணிக்கரைசலில் வேகவைக்கும் பழைய வழக்கத்தை அறவே விடுக.

மெருகேற்றுகையில் பளபளப்புக்காகச் சாயம் கலப்பது இதனினும் கொடிது. ஈயக் குரோமேட் என்னும் மஞ்சட்பொடி விஷம். குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. வங்காள தேசத்தில் 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் ஏறக்குறையப் பாதியில் இது காணப்பட்டது. சர்க்கார் கடுமையாகத் தண்டித்தபின் 2021-ல் ஒன்றிலும் காணப்படவில்லை. வியாபாரி நிறத்துக்கே விலை வைக்கிறார் என்பது குடியானவர்களின் குறை. அது நியாயமே, ஆயினும் அந்தச் சரக்கே கடைவழியாக முழங்கால் வலிக்காரர் ஒருவரின் பாலில் சேர்கிறது.

வீட்டுக்கு வேண்டியதைப் பீப்பாயில் மெருகிடுமுன்பே பிரித்துவிடலாம். தோலைச் சாக்கில் தேய்த்துப் போக்கி, முழு விரலியாகவே வைத்திருந்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் இடித்து, வெளிச்சம் படாத பாத்திரத்தில் மூடி வைக்கவும்.