தாமதமாக அறியப்படும் ஆட்டிசமும் உளவள ஆலோசனையும்

கேள்வி: நடுவயதில் ஆட்டிசம் இருப்பது தெரியவந்த உளவியலாளர் பிறருக்கு ஆலோசனை வழங்க இயலுமா?
- வாசகர், கோட்டுச்சேரி

பதில்: இயலும், சிலருக்கு அவரே மிகப் பொருத்தமானவராகவும் அமைவார். உளவியலாளர் வென் லாசன், மனச்சிதைவு நோயுடையவர் எனப் பல்லாண்டுகள் தவறாகக் கருதப்பட்டு, 1994இல், 42ஆம் வயதில்தான் ஆட்டிசம் உடையவர் என அறியப்பட்டார். ஆட்டிசம் உடையோரும் அல்லாதோரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுவது இருதரப்புக்கும் உரிய குறையே எனக் கூறும் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்னும் கருத்தை, தாமும் ஆட்டிசம் உடையவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்தார். ஆகவே, கண்ணைப் பார்த்துப் பேசாமையை அலட்சியம் என்றோ, இயல்பை மறைத்துப் பிறரைப்போல் நடந்துகொள்வதால் விளையும் களைப்பைச் சோம்பல் என்றோ தாமும் ஆட்டிசம் உடைய ஆலோசகர் எளிதில் முடிவுகட்டமாட்டார். எனினும் தம் அனுபவத்தையே அனைவருக்கும் பொதுவாக்கிவிடாதிருக்க முறையான பயிற்சி அவருக்கும் இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளதால், தமக்கு ஆட்டிசம் இருக்குமோ என ஐயமுள்ள பெரியவர்கள் வயதைக் கருதித் தயங்காமல் மனநல மருத்துவரை அணுக வேண்டும்.