கடற்கரையில் காதலும் திகிலும்

கேள்வி: கடலோரக் குப்பத்தில் காதலும் திகிலும் கலந்த நாவல் எது? (வாசகி, புனே)

பதில்: மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’தான். 1956-ல் வந்தது, மறு ஆண்டே சாகித்ய அகாதெமி விருது. தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி.

இதில் துப்பறிவாளரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கடலுக்குப் போனவன் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் என்பது குப்பத்தின் நம்பிக்கை. நாயகி கறுத்தம்மாவின் மனமோ பழைய காதலன் பரீக்குட்டியிடம். ஓர் இரவு கணவன் பழனி தனியே தோணி எடுக்கிறான். தூண்டிலில் பெரிய சுறா சிக்குகிறது, தோணியை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதே நேரம் கரையில் பரீக்குட்டியின் குரல். கறுத்தம்மா கதவைத் திறக்கிறாள். இதைவிடத் திகில் வேண்டுமா? (முடிவைச் சொன்னால் வாசகி திட்டுவார்.)

தமிழிலேயே எழுதப்பட்டது வேண்டுமென்றால் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. பிலோமி, சாமிதாஸ் காதல். பின்னணியில் வல்லத்துக்கும் (நாட்டுப் படகு) லாஞ்சுக்கும் (விசைப்படகு) பகை. மர்மம் குறைவு, ஈரம் அதிகம்.

ராமு காரியாட்டின் ‘செம்மீன்’ படம் 1965-ல் வந்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. தென்னிந்தியப் படங்களில் அதுவே முதல். புனேக்காரருக்குக் கடல் தூரம். ஆனால் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் உள்ளூரிலேயே இருக்கிறது. முதலில் நாவல், பிறகு படம்.