மலைப்பாதையில் யார் ஒதுங்குவது?

கேள்வி: கொல்லிமலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். குறுகலான இடத்தில் எதிரே இறங்கி வந்த வேன் ஒதுங்க மறுத்துவிட்டது. வழிவிட வேண்டியது யார்?
- வாசகர், நாமக்கல்

பதில்: வேன்தான். இரண்டு வண்டிகள் விலக இடமில்லாத சரிவுச் சாலையில், இறங்குகிறவர் ஓரமாக நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பதே விதி. பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது பெரும்பாடு. கிளட்ச் தீய்ந்து நாறும், வண்டி பின்னால் நழுவும். இறங்குகிறவர் பிரேக்கை மிதித்தால் போதும். அதற்கு அவர் கீழ் கியரில் வந்திருக்க வேண்டும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்களே! என்ஜினின் பிடி இல்லாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், 70 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம்.

சமவெளியில் கணக்கு வேறு. சிக்னலும் போலீஸும் இல்லாத சந்திப்பில் பிரதான சாலையில் வருகிறவருக்கே முன்னுரிமை. இரண்டும் ஒரே தரத்துச் சாலைகள் என்றால், வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு. (பெரிய ஹாரன் வைத்திருப்பவருக்கு என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட திருத்தம்.) ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர் கடந்த பிறகே நாம் நுழையலாம்.