தரவரிசையின் பகுதி எண் எது?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களில் 19 பேர் இறந்தனர். அதன் பிறகு ‘உலகின் பாதுகாப்பான விமான நிறுவனங்கள்’ என்னும் பட்டியல்கள் பலருடைய கைப்பேசிகளில் சுற்றின. மேகமலைத் தோட்டப் பகுதியில் நான் கணிதம் கற்பிக்கும் பள்ளியிலும் பேச்சு அதுவாகவே இருந்தது. “முதல் இடம், பத்தாம் இடம்னு எதை வச்சு சார் போடுறாங்க?” என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுடைய சித்தப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்.

நிகழ்தகவு, விகிதம், சராசரி மூன்றையும் ஒன்றாக இணைக்க இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. நான்கு படிகளாக நடத்தினேன். நீங்களும் முயன்று பார்க்கலாம்.

படி 1: எண்ணிக்கையும் வீதமும்

பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் 3.77 கோடி பயணங்களில் 30 விபத்துகள். 2024இல் 4.06 கோடி பயணங்களில் 46 விபத்துகள். இவற்றில் பெரும்பாலானவை உயிரிழப்பு இல்லாதவை. பத்து லட்சம் பயணங்களுக்கு எத்தனை என்று மாணவர்களையே வகுக்கச் சொல்லுங்கள். முதலாவது 0.80, இரண்டாவது 1.13 என்று வரும். விபத்துகளின் எண்ணிக்கை தொகுதி. பயணங்களின் எண்ணிக்கை பகுதி. தொகுதியை மட்டும் பார்த்தால், அதிகம் பறக்கும் நிறுவனம் எப்போதும் மோசமாகவே தெரியும். ஆண்டுக்குப் பத்து முறை மட்டும் பறப்பது மிக நல்ல நிறுவனமாகிவிடும்.

படி 2: எதனால் வகுப்பது?

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பேருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. இந்தச் சாலையையும் தேனி–திண்டுக்கல் சமவெளிச் சாலையையும் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் ஒப்பிடலாமா என்று கேட்டேன். “வளைவைத்தான் சார் எண்ணணும்” என்றார்கள் பிள்ளைகள். தினமும் அந்தப் பாதையைப் பார்ப்பவர்கள் அல்லவா?

விமானத்துக்கும் அதே நியாயம்தான். விபத்துகளில் பெரும்பகுதி மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் நேர்கிறது. மதுரை–சென்னைப் பயணத்திலும் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குகிறோம். சென்னை–லண்டன் பயணத்திலும் அப்படியே. ஆகவே கிலோமீட்டரால் வகுத்தால் நெடுந்தூரம் பறக்கும் நிறுவனங்களுக்குச் சாதகம். பயணங்களால் வகுத்தால் அந்தச் சாதகம் மறைந்துவிடும். ஜெர்மனியின் ஜாக்டெக் நிறுவனம் தன் கணக்கில் பயணியர்-கிலோமீட்டரைப் பயன்படுத்துகிறது. சங்கத்தின் விபத்து வீதமோ பயணங்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடை அல்ல.

படி 3: பகுதி எண் சிறியதானால்

கான்கார்ட் விமானம் 1976இல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. 24 ஆண்டுகள் ஓர் உயிரிழப்பும் இல்லை; விபத்து வீதம் பூச்சியம். 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே ஒரே ஒரு விபத்து நடந்தது. 113 பேர் இறந்தனர். அதுவரை எல்லாக் கான்கார்ட் விமானங்களும் சேர்ந்து பறந்தவை ஒரு லட்சத்துக்கும் குறைவான பயணங்கள்தான். அதனால் உயிரிழப்பு விபத்து வீதம் ஒரே நாளில் பத்து லட்சத்துக்குப் பத்துக்கும் மேல் ஏறியது. பட்டியலின் உச்சியில் இருந்தது அடிக்குப் போனது.

4.06 கோடியை 366ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இன்று உலகம் முழுவதும் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நடப்பது தெரியும். கான்கார்டின் 24 ஆண்டுகள் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது. ‘பூச்சியம் விபத்து’ என்பதைக் கண்டதும் ‘எத்தனை பயணங்களில்?’ என்று கேட்கும் பழக்கம் இங்கிருந்துதான் வர வேண்டும்.

படி 4: மதிப்பெண்ணைக் கூட்டும் விதம்

தரவரிசை வெளியிடும் நிறுவனங்கள் விபத்தை மட்டும் பார்ப்பதில்லை. விமானங்களின் வயது, பாதுகாப்புத் தணிக்கைச் சான்று, நாட்டின் கண்காணிப்பு ஆகியவற்றையும் சேர்க்கின்றன. எதற்கு எவ்வளவு எடை என்பது பட்டியல் போடுபவரின் முடிவு.

கற்பனையாக இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். விபத்துப் பதிவு, விமான வயது, தணிக்கை என்ற வரிசையில் ‘அ’ பெற்ற மதிப்பெண்கள் 9, 5, 8. ‘ஆ’ பெற்றவை 7, 9, 8. எடைகள் 5, 2, 3 என்றால் ‘அ’ 79, ‘ஆ’ 77. எடைகளை 3, 4, 3 என மாற்றினால் ‘அ’ 71, ‘ஆ’ 81. விமானம் எதுவும் மாறவில்லை, முதலிடம் மாறிவிட்டது. ஒவ்வொரு குழுவும் தனக்குச் சரியென்று படும் எடையை வைத்துக் காரணம் சொல்லட்டும். வகுப்பு களைகட்டும்.

யாரை அளக்கும் எண் என்பதையும் பார்க்க வேண்டும். 2014 ஜனவரியில் அமெரிக்க விமானத் துறை இந்தியாவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. 2015 ஏப்ரலில் மீண்டும் முதல் பிரிவு தந்தது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தணிக்கையில் 2018இல் 102ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2022இல் 48ஆம் இடத்துக்கு வந்தது. இந்த இரண்டும் நாட்டின் கண்காணிப்பு முறையை அளந்தவை. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கோ நாளைய பயணத்துக்கோ தந்த உத்தரவாதமாக இவற்றை வாசிக்கக் கூடாது.

நம் பள்ளிகளின் தரவரிசை

ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் வாசிக்கும் ஒரு பட்டியல் உண்டு: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு. மலைப் பள்ளி ஒன்றில் 12 பேர் தேர்வெழுதி ஒருவர் தவறினால் 91.67. சமவெளிப் பள்ளி ஒன்றில் 240 பேர் எழுதிப் பத்துப் பேர் தவறினால் 95.83. முதல் பள்ளியில் ஒரு குழந்தை என்பது 8.33 விழுக்காடு, இரண்டாவதில் அரை விழுக்காடுகூட இல்லை. அடுத்த ஆண்டு 12 பேரும் தேறினால் அந்த மலைப் பள்ளியே மாவட்டத்தில் முதலிடம் பெறும். இரண்டு ஆண்டுகளிலும் கற்பித்தவர் ஒருவராகவே இருக்கலாம், உழைப்பும் ஒன்றாகவே இருக்கலாம்.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளியை ஒரே ஆண்டின் இடத்தை வைத்துப் பாராட்டுவதும் குறை சொல்வதும் கான்கார்டைப் பட்டியலில் வைத்த கதைதான். ஐந்து ஆண்டுகளின் மாணவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் பகுதி எண் 60 ஆகும்; எண் கொஞ்சம் நிதானப்படும். தவறிய குழந்தை ஏன் தவறியது என்று அப்போதும் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். தோட்டத்தில் குடும்பம் இடம் மாறியதா, மழைக்காலத்தில் வரமுடியாமல் போனதா என்பதை விழுக்காடு சொல்லாது.

பாடத்தின் முடிவில் மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டவை மூன்று கேள்விகள்: எதை எதனால் வகுத்தார்கள்? பகுதி எண் எவ்வளவு பெரியது? எடையை யார் முடிவு செய்தார்கள்? அடுத்த தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் ஆசிரியர் அறையிலும் இந்த மூன்றையும் கேட்டுப் பார்ப்போம்.